அம்மா கேட்ட இலக்கணம்

அக்கா தபால் வழியில் பி.ஏ. படித்தாள். மற்ற பாடங்களை எல்லாம் எழுதித் தள்ளியவள் இங்கிலீஷில் மட்டும் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறையும் போனால் படிப்புக்கு ஒரு கும்பிடு என்று அவளே சொல்லிவிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி பாய், தன் வீட்டு டேப் ரெக்கார்டரையும் இங்கிலீஷ் இலக்கணக் கேசட்டுகள் நான்கையும் கொடுத்து, "தேர்ற வரைக்கும் வச்சிக்கம்மா" என்றார். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

கேசட்டில் ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதற்குள் நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அக்கா சொல்வாள். கரும்பு வெட்டிவிட்டு வந்த அம்மா, சோகை இலை கீறிய கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் உதடும் அசையும். வலியில் முனகுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அக்கா நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தாள். "நோ சூனர் ஹேட் ஐ ரீச்டு த ஸ்டேஷன் வென்..."

"வென் இல்லடி," என்றாள் அம்மா. "நோ சூனர்னு ஆரம்பிச்சா தேன்னுதான் வரும்."

எனக்குக் கொம்புத்தேன் ஞாபகம் வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்குக் கோபம். "கையெழுத்துப் போடத் தெரியாது, உனக்கு இன்னா தெரியும்?"

அம்மா அரிசி களையப் போய்விட்டாள். அக்கா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள். அதிலும் 'தேன்' என்றுதான் வந்தது. மறுபடி ஓட்டிக் கேட்டாள். பிறகு எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்தது படிக்கறேன், கேளும்மா" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். தப்பாகப் படித்தால், "இது அந்த மாதிரி வரலியே" என்பாள் அம்மா. எது தப்பு என்று புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. அந்த ஸ்டேஷன் வாக்கியத்தில் கிளம்பிப் போனது ரயிலா பஸ்ஸா என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. நாங்களும் சொன்னதில்லை.

அக்கா தேறினாள். மறுநாள் காலை, பாயிடம் திருப்பிக் கொடுக்க டேப் ரெக்கார்டரின் ஒயரைச் சுற்றி, கேசட்டுகளைப் பையில் போட்டாள். வேலைக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நின்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமேடி."

"எதுக்கும்மா? அதான் பாஸாயிட்டனே."

"சும்மாதான்."

அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க ஆசை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பாட்டுக் கேசட் ஒன்றுகூடக் கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடினேன்.