இரண்டு நாட்டுத் தண்ணீர்

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், ஒரே அறை. புகை, மூட்டைப்பூச்சி, கூரைத் தகரத்தில் ஓட்டை. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் பீலி இருந்தது. மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர். கயிறு படாது, கை படாது. அதைக் குடித்து வளர்ந்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு.

இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்த எங்களைக் கப்பலேற்றி, ரப்பர்க் கன்று நட அந்தமானுக்குக் கொண்டுவந்தார்கள். குடிக்க ஒரு கிணற்றைக் காட்டினார்கள். முன்பே குடியேறிய வங்காளத்துப் பெண்கள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பச்சையாகத் தேங்கிக் கிடந்தது, ஓரத்தில் ஒரு தவளை. 

“கெடையா கெடக்குற தண்ணிய மனுசன் குடிப்பானா? நாம என்ன எருமையா?” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் மூங்கிலைப் பிளந்து, கணுவைத் தட்டி, மேட்டு ஓடையிலிருந்து எங்கள் குடிசை வரிசை வரைக்கும் பீலி இறக்கினார். சிலோன்காரிகள் எல்லோரும் குடத்தோடு வந்துவிட்டோம். வங்காளிப் பெண்கள் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைப் பார்த்து என் நாத்தனார், “பாத்தீங்களா மதினி, தண்ணியக்கூட சமைச்சுத்தான் திங்கிறாளுக” என்றாள். வயிறு குலுங்கச் சிரித்தோம். ஓடுகிற தண்ணீரில் அழுக்குத் தங்காது என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி.

மூன்றாம் மாதம் என் இரண்டு வயது மகளுக்குச் சீதமும் இரத்தமுமாகப் போனது. கொடுத்த மருந்து வயிற்றில் நிற்கவில்லை. கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். உடம்பு வற்றிவிடும் என்று பீலித் தண்ணீரையே சொம்பு சொம்பாகப் புகட்டினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கேட்டார்: “எந்தப் பானிம்மா குடுக்குற? ஓடைத் தண்ணியா? மேல ஏறிப் பாத்தியா?”

ஏறினேன். ரப்பர்த் தோட்டத்துச் சூப்பர்வைசரின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரம் போட்டு, நாலு பக்கமும் சாக்கு கட்டியிருந்தது. கீழே பாறை இடுக்கெல்லாம் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. ஈ மொய்த்தது. அதற்கு இருபதடி கீழேதான் எங்கள் மூங்கிலின் வாய். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

நான் போட்ட சத்தத்தில் வெளியே வந்த சூப்பர்வைசர் தமிழ்நாட்டுத் தமிழர்தான். “அரே, ஓடுற தண்ணிம்மா, அடிச்சிட்டுப் போயிடும். சிலோன்ல என்ன மஹல்லயா இருந்தீங்க?” என்றார்.

“லயத்துலதான் இருந்தோம் சாப். இந்தாங்க, நீங்க ஒரு வாய் குடிங்க.” கையோடு கொண்டுபோன சொம்பில் ஓடைத் தண்ணீரை மொண்டு நீட்டினேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். தூ.

இறங்கி வரும்போதுதான் உறைத்தது. சிலோனிலும் துரை பங்களா மேலே, லயம் கீழே. அங்கே எவன் கழுவியதை நாங்கள் குடித்தோமோ! ஒரு நாளாவது ஏறிப் பார்த்தேனா? எந்த நாடு மேல் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அன்றே மூங்கிலை வெட்டிச் சாய்த்தார். காய்ச்சிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். எட்டாம் நாள் மகள் தானாகக் கஞ்சி கேட்டாள். ஊட்டுவதற்கு முன் என் கையை முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் கழுவினேன். மறுபடியும் முகர்ந்தேன்.