ஏழுமலை வீட்டிலிருந்து வந்த துணை

1. கம்பத்தடியில் வந்த போன்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கம்பம் ஏறப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் அந்த ஏரியா லைன்மேன். என் மனைவி ரெஜினா விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனாம். கூட ஆள் இல்லன்னா தியேட்டருக்குக் கொண்டுபோவ மாட்டாங்களாம். தங்கச்சி வர்ற வழியெல்லாம் தண்ணி. நீங்க வர்றீங்களா?"

கர்ப்பப்பையில் கட்டி. ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன ஆபரேஷன். எங்கள் ஒரே மகன் துபாயில். உடனே எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.இ.க்குப் போன் போட்டு லீவு கேட்டேன்.

"சவரி, பாதிப் பேரு வேற ஊருக்குப் போயிருக்காங்க. அந்த லைனு உனக்குத்தான் தெரியும். நீயும் போய்ட்டா நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. டேங்க் மோட்டார் ஓடாமல் ஊரே குடத்தோடு நின்றது. 'மாதாவே, எப்படியாவது லீவு வாங்கிக் கொடு' என்று வேண்டிக்கொண்டேன்.

2. புளியமரத்துக்காரர்

அந்த ஊரில் எனக்கு ஆகாத ஒரே ஆள் ஏழுமலை. லைனில் உரசும் அவருடைய புளியமரத்துக் கிளையை வெட்டப் போனால், கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டுப் படுத்துக்கொள்வார். "முடிஞ்சா என்னைத் தூக்கிட்டு வெட்டு" என்பார். புயலில் அந்த மரமே லைன்மேல் விழுந்து கம்பத்தைச் சாய்த்துவிட்டது. வாய்வரை வந்த வசவுகளை எல்லாம் முழுங்கிக்கொண்டேன். இப்போது அவர்தான் தன் டிராக்டரில் கயிறு கட்டி மரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நான் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இன்னா லைன்மேனே, ஊட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷனா? ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"அட பேஜாரு புடிச்ச மனுசா! நீ கரண்டு குடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்." வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "தனலட்சுமீ! ஜல்தியா ரெண்டு புடவைய எடுத்துக்கினு கிளம்பு. விழுப்புரம் போவணும்."

அவர் மனைவியான அந்த அம்மா ரெஜினாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "அவங்க பேரு இன்னாங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். ஏழுமலை ஹைவே வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்து, என்னோடு சேர்ந்து கம்பத்துக்குக் குழி தோண்டினார்.

3. வார்டு வாசல்

மறுநாள் மத்தியானம் லைனை சார்ஜ் பண்ணிக் கரண்டு விட்டோம். மோட்டார் ஓடியதும் ஊரே கூச்சல் போட்டது. நான் அப்படியே அழுக்குச் சட்டையோடு விழுப்புரம் ஓடினேன். வாசலிலேயே வாட்ச்மேன் மறித்தார்.

"பொம்பளைங்க வார்டுங்க. ஆம்பளைங்க உள்ள தங்கக் கூடாது. பார்வை நேரத்துல வாங்க."

நேரம் வரும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு உள்ளே போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத தனம், தையல் வலிக்குது" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் என்னிடம், "இவங்க நெத்தியில குங்குமம், அவங்க கழுத்துல சிலுவை. கூடப் பொறந்தவங்களான்னு கேட்டேன். 'எங்க ஊருக்குக் கரண்டு குடுக்கறவரு சம்சாரம், அப்போ எனக்கு அக்காதானே'ங்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

நான் கேட்டது லீவு. அது கிடைத்து ஓடிவந்திருந்தால் ராத்திரி முழுக்க அந்த வேப்பமரத்தடியில்தான் கிடந்திருப்பேன். ரெஜினா தலைமாட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு பெண் துணை என்பது எனக்குத் தெரியவில்லை, ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

புதிதாகக் கம்பம் ஏறும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். கஷ்டம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், சண்டைக்காரன் காதில் விழுந்தாலும் பரவாயில்லை. உதவி எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்று கடவுளுக்கு நாம் ரூட் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.