இருபத்தேழு பொட்டு லாரி

கலியாணசுந்தரத்தின் லாரி ஒரு தரம் கத்தினால், செங்கல்பட்டு ஸ்டேஷனில் கிளம்பிய ரயில் நின்றுவிடும். கார்டு இறங்கி, சங்கிலியை யார் இழுத்தது என்று பெட்டி பெட்டியாக விசாரித்துக்கொண்டு வருவார். சரி, செங்கல்பட்டு கொஞ்சம் கூடுதல்தான். ரயிலை விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு இரண்டு தெரு தறிக்காரர்கள் நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடிவந்தார்கள் என்பதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அந்த லாரியைத் தொடவே வேண்டாம், தொட நினைத்தாலே கத்தும் என்பது கலியாணசுந்தரம் சொல்வது.

அவர் முசரவாக்கத்துக்காரர். வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, லாரித் தொழில் செய்யக் காஞ்சிபுரத்துக்கு வந்தவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: திருடியவர்கள், இன்னும் திருடாதவர்கள். அதனால் அரிசி இருக்கும் அறைக்கு ஒரு பூட்டு, கிணற்று ராட்டினத்துக்கு ஒரு பூட்டு, ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. அவர் கொட்டாவி விடும்போது வாயைப் பொத்துவது மரியாதைக்காக இல்லை, உள்ளே இருக்கும் தங்கப் பல்லுக்காக என்று அவர் மனைவி தேவகி சொல்வாள். அரைஞாணில் பத்தொன்பது சாவிகள் தொங்கும். அவர் தெருமுனையில் திரும்பினாலே, கோயில் யானை வருகிறது என்று குழந்தைகள் வாழைப்பழத்தோடு வெளியே வருவார்கள்.

பத்தொன்பது சாவி இருந்து என்ன? வேண்டிய சாவி மட்டும் இருக்காது. லாரிச் சாவியை மூன்று தரம் தொலைத்தார். ஒன்று கிணற்றில். ஒன்று சர்வதீர்த்தக் குளத்தில். மூன்றாவதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லாரிக்கு உள்ளேயே வைத்துப் பூட்டினார்.

லாரி, பட்டாளத்தில் கழித்துப்போட்டு ஏலத்தில் வந்தது. பின்பக்கம் முழுக்க இரும்புப் பெட்டியாக அடைத்தது. அதற்கு ஒரே கதவு. அடைத்த வண்டியில் யாரும் நெல் மூட்டை ஏற்ற மாட்டேன் என்றதால், மாகறல் பக்கத்து வயல்களுக்கு எரு ஏற்றினார். எருவும் வெயிலும் இரும்புப் பெட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வண்டி போன பிறகும் தெருவில் அது இருந்துகொண்டே இருக்கும். மைத்துனர் வீட்டுக் கலியாணப் பத்திரிகையில், உறையின் மேலேயே ‘எரு லாரி கலியாணசுந்தரம் அவர்களுக்கு’ என்று எழுதி வந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். செத்தாலும் எரு லாரிக்காரனாகச் சாகக்கூடாது.

எழுபத்திரண்டாம் வருஷத்து நவராத்திரி சமயம் அந்த ஆசைக்கு ஒரு வழி தெரிந்தது. தீபாவளிப் புடவைகளை மெட்ராஸுக்குக் கொண்டுபோக, நெசவாளர் சங்கம் ஒன்று லாரி தேடிக்கொண்டிருந்தது. முந்தின வருஷம் ஏற்றிய லாரியை வழியில் நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மூன்று மூட்டை காணாமல் போயிருந்தது. சங்கத்துச் செயலாளர் திருஞானசம்பந்தம், பொடி போடுகிறவர், சிரிக்கத் தெரியாதவர். லாரியைச் சுற்றி வந்தார். மூக்கில் பொடி இருந்தும் முகத்தைச் சுளித்தார்.

“வண்டி நாறுதேய்யா.”

“மூணு தரம் கழுவிட்டேங்க. மஞ்சத்தண்ணி வேற தெளிச்சிருக்குது.”

“கதவுக்குப் பூட்டு எங்க?”

“கயிறு இருக்குதுங்க. நல்ல கயிறு.”

“பட்டு ஏத்தற வண்டிக்குக் கயிறா? மாடா கட்டப் போறே?” செயலாளர் கைக்குட்டையை உதறினார். “விஜயதசமி அன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கு வரேன். நானே என் கையால மூணு தரம் தெறந்து பாப்பேன். தெறக்கலைன்னா அன்னிக்கே மூட்டை ஏத்தலாம். தெறந்துட்டா, நீ எருவே ஏத்திக்கினு இரு.”

கலியாணசுந்தரம் நேரே ஒலிமுகமதுபேட்டைக்குப் போனார். அங்கே கௌஸ் பாஷா என்று ஒரு வண்டி எலக்ட்ரீஷியன். செத்த பேட்டரியைப் பேச வைப்பார், பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது.

“சாவி இருந்தாத்தானே அண்ணே தொலைப்பீங்க?” என்றார் பாஷா. “சாவியே இல்லாத பூட்டு ஒண்ணு போட்டுடறேன். உங்களால தொலைக்க முடியாத ஒரே பூட்டு.”

நான்கு நாள் வேலை. உடைசல் ஜீப்பிலிருந்து ஒரு மின்காந்தத்தைக் கழற்றிக் கதவுக்குள் வைத்தார். அதற்குக் கரண்டு பாய்ந்தால் தாழ்ப்பாளை இழுத்துக்கொள்ளும், கதவு திறக்கும். கரண்டு கொடுக்க ஒரு காலிங் பெல் சுவிட்சு. அதைப் பின் மட்கார்டின் உள்விளிம்பில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் பதித்தார். அந்தச் சுவிட்சை அழுத்தாமல் யாராவது கதவை நெம்பினால் கத்துவதற்கு, பழைய பஸ்ஸில் இருந்து இரண்டு ஹாரன். முதல் தரம் சுவிட்சை அழுத்தியபோது முன்னால் வைப்பர் ஆடியது. இரண்டாவது தரம் விளக்கு எரிந்தது. மூன்றாவது தரம் கதவு திறந்தே விட்டது. கலியாணசுந்தரம் கண் கலங்கிவிட்டார்.

“இந்த எடம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியணும்” என்றார் பாஷா. “மூணாவது ஆளுக்குப் போச்சுன்னா, வண்டி சத்திரந்தான்.”

“பொண்டாட்டிக்கே சொல்லலை பாய்!”

உண்மைதான், சொல்லவில்லை. கதவைத் திறக்கும்போதுகூட, வேட்டி நுனியைச் சரிசெய்பவர்போலக் குனிந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துவார். ஊருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் அது அவருடைய உடம்பைப் பற்றிய சந்தேகம்.

ஆயுத பூஜை வந்தது. லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டாயிற்று. ஜாக்கி, ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினார்கள். கௌஸ் பாஷா வேலை முடித்துவிட்டு வைத்துப் போயிருந்த பையும் அங்கேதான் இருந்தது. பாய் பையில் இருப்பதும் ஆயுதந்தானே என்று கலியாணசுந்தரம் அதையும் சாமிக்கு வைத்துப் பொட்டு வைத்துவிட்டார். வைத்ததை மறுநாள் பத்தரை மணிக்கு மேல், நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு லாரிக்கு வந்தார். விளக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. அங்கேதான் அவருடைய பக்தி அவரைப் பிடித்துத் தள்ளியது. இந்த வருஷம் புதிதாக வந்த பொருள் எது? சுவிட்சு. குடும்பத்தைக் காப்பாற்றப் போகிற பொருள் எது? அதே சுவிட்சு. தேய்ந்துபோன டயருக்குப் பொட்டு வைத்துவிட்டு அதை விட்டால் அம்மன் என்ன நினைப்பாள்? தரையில் மல்லாந்து படுத்து, மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டு, அழகாக, வட்டமாக, எட்டணாக் காசு அளவுக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். வண்டியிலேயே அதுதான் பெரிய பொட்டு.

சாயங்காலம் பூக்காரி அங்கம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள்.

“ஏம்பா கலியாணம், உன் வண்டி சாமி வண்டிப்பா.”

“இன்னா ஆச்சு?”

“அடியில நிலா மாதிரி ஒரு பொட்டு வெச்சிருக்கியே, அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேன். கதவு தானா தெறந்து, வான்னு கூப்புடுது! எங்க தெருவுல சொன்னேன். எல்லாரும் வந்து வரிசையில நிக்குறாங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தார். ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். யாரோ சுவிட்சுக்கு நேர்கீழே வெற்றிலை பாக்கு வைத்து, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத ரகசியத்தை ஊர் முழுக்கத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

வரிசையைத் துரத்திவிட்டு ஈரத்துணியோடு வந்தார். தேவகி குறுக்கே நின்றாள்.

“பூஜை அன்னிக்கு வெச்ச குங்குமத்தை அழிப்பீங்களா? அழிச்சிப் பாருங்க. அப்புறம் இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன்.”

“விடிஞ்சா செயலாளர் வராருடி! பொட்டைப் பாத்தா இன்னான்னு கேப்பாரு, தொடுவாரு, தெறந்துக்கும். நாளையிலிருந்து எருதான்!”

“யாரு வெச்சது பொட்டு? நானா வெச்சேன்?”

கலியாணசுந்தரம் கௌஸ் பாஷாவுக்கு ஆள் அனுப்பினார். பாஷா வந்து, பொட்டைப் பார்த்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதி சிரிப்பில் பையைத் தேடினார். பை சாமியிடம் இருந்தது. சிரிப்பு நின்றது.

“சுவிட்சை வேற எடத்துக்கு மாத்துங்க பாய்!”

“எதைவெச்சு அண்ணே, நகத்தாலயா? என் துரப்பணத்துக்கு நீங்க மாலை போட்டு உக்கார வெச்சிட்டீங்க.”

தேவகிதான் சொன்னாள். “ஒரு பொட்டு இருந்தாத்தானே இன்னான்னு பாப்பாங்க? அழிக்க வேணாம், வண்டி முழுக்க வெச்சிடுங்க. நட்சத்திரத்துக்கு ஒண்ணா இருபத்தேழு.”

பாஷா தொடையைத் தட்டினார். “அக்கா சொல்றது கரெக்டு. மீதி இருபத்தாறையும் ஹாரனுக்குக் குடுத்துடறேன். காலையில வரேன்.”

காலை எட்டு மணிக்கு வெறுங்கையோடு வந்தார். கலியாணசுந்தரத்தைக் குளிக்க அனுப்பினார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருவதற்குள், இருபத்தாறு பொட்டுக்கும் கனெக்‌ஷன் கொடுத்தாயிற்று என்றார். யாரையும் நம்பாத கலியாணசுந்தரம் அதை அப்படியே நம்பினார். தேவகியை மட்டும் ஆரத்தித் தட்டோடு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார் பாஷா. பெரியவர் வருகிறார், மங்களகரமாக இருக்கட்டும் என்றார்.

செயலாளர் ஒன்பது மணிக்கு வந்தார். லாரியைப் பார்த்துத் திகைத்தார்.

“வண்டிக்கு அம்மை போட்டிருக்குதா?”

“பூஜைங்க” என்றார் கலியாணசுந்தரம்.

செயலாளர் கதவை லேசாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சாவித் துவாரத்தைத் தேடினார். இல்லை. “ஓஹோ” என்று சொல்லி, கதவுக்குப் பக்கத்துப் பொட்டில் விரலை வைத்தார்.

லாரி கத்தியது. செயலாளர் கையிலிருந்த பொடி டப்பி பறந்து வாழைக்கன்றில் விழுந்தது. தீபாவளி அவசரத்தில் விடியற்காலையே ஓடத் தொடங்கியிருந்த தெருத் தறிகள் நின்றன.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்பக்க விளக்குப் பொட்டைத் தொட்டார். மறுபடியும் கத்தியது. கலியாணசுந்தரத்துக்கு மார்பு விரிந்தது.

மூன்றாவது தரத்துக்குச் செயலாளர் அவசரப்படவில்லை. சுற்றி வந்தார். குனிந்தார். மட்கார்டுக்கு அடியில் பார்த்தார். அங்கேதான் அந்தப் பெரிய பொட்டு. “இது மட்டும் ஏன் இவ்ளோ பெரிசா இருக்குது?” என்று கையை நீட்டினார். கலியாணசுந்தரத்தின் மூக்குக்கு எரு வாடை வந்துவிட்டது. மைத்துனர் வீட்டு அடுத்த பத்திரிகைகூடக் கண்ணில் தெரிந்தது.

விரல் பொட்டில் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே லாரி கத்தியது. முந்தின இரண்டு தரத்தையும்விட நீளமாக, ஆவேசமாக. செயலாளர் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தே விட்டார்.

“கையை நீட்டினதுக்கேவா!” என்றார், உட்கார்ந்தபடியே.

“நெனச்சாலே கத்துங்க” என்றார் கலியாணசுந்தரம்.

அன்று மத்தியானமே மூட்டை ஏறியது. அந்தத் தீபாவளிக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஆறு தீபாவளிக்கும் அந்த லாரிதான் போனது. அடுத்த கலியாணப் பத்திரிகை ‘பட்டு லாரி கலியாணசுந்தரம் அவர்களுக்கு’ என்று வந்தது. அந்த உறையைக் கண்ணாடி போட்டு மாட்டி, அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார். மனிதன் மனசைப் படிக்கிற லாரி இந்தியாவிலேயே தன்னிடம்தான் இருந்தது என்று இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்கிறார்.

இவ்வளவும் எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, எதிரில் பூ தொடுத்துக்கொண்டிருந்த தேவகி நாரைப் பல்லில் கடித்தபடி தலையை ஆட்டினாள்.

“பொட்டுக்கெல்லாம் வயரா? அவருதான் அப்படிச் சொல்லிக்கினு திரியறாரு. பாய் கையில அன்னிக்கு ஒரு ஆணிகூடக் கெடையாது. ஹாரன் வயரு ஒண்ணைப் பல்லால கடிச்சு உரிச்சு எங்கிட்டக் குடுத்தாரு, இரும்புல வெச்சா கத்தும்னு. அது ஆரத்தித் தட்டுக்கு அடியில இருந்துச்சு, மொத ரெண்டு தரமும் பொட்டைத் தொட்டப்போ நான்தான் வெச்சேன். மூணாவது தரம் அந்தச் செயலாளரு நேரா சரியான பொட்டுக்கே கையை நீட்டவும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு, அவரு தொடறதுக்கு முன்னாடியே வெச்சுட்டேன். எடுக்கவும் மறந்துட்டேன். அப்புறம் ஒண்ணு, அவரு உக்கார்ல. விழுந்தாரு.”