கை காட்டியவர்

அரியாலைக் கடல்நீரேரிக் கரையில், தானாகவே பறந்து ஆட்களைத் தேடும் ட்ரோனை எங்கள் மீட்புக் குழு பயிற்சிக்கு மேலே ஏற்றும்போதெல்லாம் ஒரு மீனவர் வந்துவிடுவார். நெடிய, கறுத்த உருவம். பல நாள் மழிக்காத முகம். தண்ணீரில் இறங்கி நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவார். ட்ரோன் அவரைக் கண்டு தலைக்கு மேலே வந்து நிற்கும்.

போன வெள்ளத்தில், மழைக்குத் தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்திக்கொண்டு கூரையில் கிடந்த அவருடைய மனைவியை அதே ட்ரோன் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. தூரத்து மேட்டில் நின்று அவர் அதைப் பார்த்திருக்கிறார். எங்கள் படகு போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

ஒருநாள் என்னிடம் வந்தார்.

“தம்பி, அண்டைக்கு உந்த ட்ரோனைத் திருப்பினது ஆர்?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. அது தானாத்தான் தேடும். படங்கு மூடியிருந்தபடியால் ஆளெண்டு அதுக்கு விளங்கேல்லை.”

“அப்ப நான் ஆரை அடிக்கிறது?”

அவர் தன் படகிலிருந்து துடுப்பை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கி, மற்றக் கையை ஆட்டினார். ட்ரோன் தாழ வந்து நின்றது. ஒரே அடியில் விழுத்தினார். விழுந்த பிறகும் நொறுங்கும்வரை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் பார்த்தது என்னைத்தான்.

என்னை ஏன் அவர் விட்டுவிட்டார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.