ஒன்பது பேருக்கு ஒரு பத்திரிகை

கருமுட்டையை உறைய வைக்கும் ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் வேலை என்றால், அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டு, யாருமே எதிர்பார்க்காத ஒரு கேள்விக்குத் திருதிருவென்று விழிப்பது. பேசியே பிழைப்பு நடத்தும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

முதல் சந்தேகம்

எங்கள் ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தேவிக்கு இருபத்தாறு வயது. மார்பில் புற்றுநோய்க் கட்டி. இரண்டு வாரத்தில் கீமோ. அந்த மருந்து சினைப்பையையும் கெடுக்கலாம் என்பதால், அதற்குள் கருமுட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

கூட வந்த பாபு, அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் வேலை. "பிள்ளை பிறக்கும் என்று உறுதி கிடையாது, ஒரு வாய்ப்புதான்" என்பதுவரை சொல்லி முடித்தேன். தேவி தலை நிமிரவில்லை. பாபு கேட்டான்: "கரண்டு போச்சின்னா இன்னா பண்ணுவீங்கோ சிஸ்டர்?"

வஞ்சிர வைத்தியம்

முட்டை வளர தினம் ஓர் ஊசி. மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஊசி போட பாபு கொண்டுவந்த மருந்துப் பெட்டி மீன் வாசனையோடு வந்தது. உள்ளே மருந்து கல்லாகக் கிடந்தது. உறைந்தால் அத்தனையும் வீண்!

நல்லவேளை, எங்களிடம் வேறு மருந்து இருந்தது. அன்றைய ஊசி தவறவில்லை. பயத்தில் பாபுவைத் தாளித்து எடுத்துவிட்டேன். அவன் அசரவேயில்லை. "வூட்டு ஃபிரிட்ஜை நம்பவே கூடாது சிஸ்டர். எங்க ஐஸ்ல வெச்ச வஞ்சிரம் நாலு நாள் ஆனாலும் கண்ணு கலங்காம கீது!"

இலவச வாட்ச்மேன்

ஒன்பது முட்டைகள் கிடைத்தன. தேவிக்குக் கீமோ ஆரம்பமானது. அதன்பிறகு ராயபுரத்தில் எப்போது கரண்டு போனாலும் பாபு சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்பான். முட்டைகளை உறைய வைத்திருக்கும் டேங்கில் இருப்பது திரவ நைட்ரஜன், அதற்குக் கரண்டே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. டேங்க் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால்தான் போவான். எங்கள் லேப் சாந்தி சொன்னாள்: "மேடம், பேசாம இவருக்கு ஒரு யூனிஃபார்ம் தெச்சுக் குடுத்துடலாம்."

பத்திரிகை

போன மாதம் கரண்டு போகாமலே வந்தான். கூடவே தேவி. சிகிச்சை முடிந்து, தலையில் இரண்டு அங்குலம் முடி, அதில் ஒரு முழம் மல்லி எப்படியோ நின்றது. கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அதை டேங்க் முன்னால் வைக்க வேண்டுமாம். டேங்க் அறைக்குள் யாரையும் விடமாட்டோம் என்றேன். என் கையிலேயே வைத்துவிட்டுத் தேவி சொன்னாள்: "சாமிக்கு வெச்சாச்சு சிஸ்டர். தாய்மாமன் கோச்சிக்கினாலும் சரி, அடுத்தது எங்க ஒம்போது பேருக்குத்தான். நீங்களே உள்ள சொல்லிடுங்க."

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் நான், அந்த ஒன்பது பேர் சார்பில் பத்திரிகையை வாங்கிக்கொண்டு ஓவென்று அழுததைத் தயவுசெய்து எங்கள் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.