பூங்காக் குழாயும் என் குடமும்

பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் ஒரு குழாயைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லும் வயது வந்துவிட்டது, சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு மருமகளாக வந்தேன். பிறந்த ஊரில் வரப்பு, பாறை என்று கால் போன போக்கில் திரிந்தவள் நான். செஞ்சியில் எனக்கு வாய்த்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையும். கணவர் காலையில் சைக்கிள் கடைக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நாள் முழுக்க நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. இடுப்பில் குடம் இருந்தால் மருமகள் வேலைக்குப் போகிறாள், குடம் இல்லாவிட்டால் ஊர் சுற்றப் போகிறாள். அதனால் எனக்குக் குடத்தின் மேல் தனிப் பாசம்.

தெருக்கோடியில், மண்டிக்குப் பக்கத்தில், அந்தப் பூங்கா இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டுக் கட்டியது. சிமெண்டு பெஞ்சுகள் எல்லாம் நல்ல வெயிலில், சாலையைப் பார்த்து வரிசையாக இருந்தன. எதிரே டீக்கடை. அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்தால், டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் அவள்தான் வேடிக்கை. 'புல்லில் உட்காராதீர்கள்' என்று ஒரு பலகை வேறு. புல் இன்னும் முளைக்கவே இல்லை, பலகை வந்துவிட்டது. ஆண்களும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்களுக்கு டீக்கடையே சௌகரியம்.

அந்த நேரத்தில்தான் மல்லாட்டை மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி தெருக் குழாயை இடித்துச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். வண்டிக்காரன் யாரென்று தெரியாது, தெரிந்திருந்தால் மாலை போட்டிருப்பேன். ஏனென்றால் அடுத்து இருந்த குழாய் பூங்காவுக்குள், செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகப் பின் மூலையில் புங்கமரத்தடியில் போட்டது. தண்ணீர் வருகிற சாயங்கால வேளையில் தெருவே அங்கே திரும்பியது.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் அது நாம் நிற்கிற மாதிரி. குடம் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளும், நாம் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். வரிசையை யாரும் கலைக்கக் கூடாது. கலைத்தால் அன்று பெரிய ரகளை. ஆக பித்தளை, அலுமினியம், மண் என்று குடங்கள் குழாயடியில் நிற்க, நாங்கள் புங்கமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தோம். காலனிப் பெண்களும் வந்தார்கள். முதலில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். பூங்காத் தோட்டக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இது பார்க்கு. முன்னால வந்த கொடம் முன்னால. இஷ்டம் இல்லாதவங்க கெணத்துக்குப் போங்க." கிணறு ரொம்ப தூரம். முகம் சுளித்தவர்கள் தாமாகச் சரியானார்கள்.

தோட்டக்காரருக்கும் இதில் லாபம்தான். குடத்திலிருந்து வழிந்த தண்ணீர் பாத்திக்கு ஓடியது, கனகாம்பரம் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வந்ததும் சுண்டல்காரர் வந்தார். சுண்டல் வந்ததும் டீக்கடைக் கூட்டத்தில் பாதி பூங்காவின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தது. அங்கேதான் எனக்குத் தையல்கார பாய் வீட்டு அக்கா சிநேகமானார். அவர் பேச ஆரம்பித்தால் வயிறு வலிக்கும் வரை சிரிப்போம். அந்தச் சாயங்கால நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கமிட்டித் தலைவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவர் மடிப்புக் கலையாத வேட்டிக்காரர். பூங்கா என்றால் அதுவும் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும் அவருக்கு. இதற்கு நடுவில் மண்டி வியாபாரிகள், மல்லாட்டை காய வைக்கக் களம் போதவில்லை, அந்தப் பூங்காவுக்கு யாரும் வருவதில்லை, எங்களுக்குக் கொடுங்கள் என்று துணிந்து ஒரு பொய் எழுதி மேலிடத்துக்கு மனுப் போட்டுவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்ய வருகிறார் என்று செய்தி வந்தது. பூங்கா போனால் குழாய் போகும். குழாய் போனால் எனக்கு மறுபடியும் அந்தக் கூடமும் சமையலறையும்தான்.

தலைவர் பூங்காவைக் காப்பாற்ற ஒரு காரியம் செய்தார். பூங்கா பளிச்சென்று இருந்தால் போதும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதை மறுக்க மாட்டேன். அதிகாரி வருகிற அன்று எங்களை எல்லாம் வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்திவிட்டார்! உள்ளே பெருக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, தோரணம் கட்டியாயிற்று. ஒரு குஞ்சு குருமான் இல்லை.

"ஆபீசர் போற வரைக்கும் ஒருத்தரும் தல காட்டக் கூடாது" என்றார் தோட்டக்காரர், தலைவர் சொல்லிக் கொடுத்தபடி.

"கொடம் மட்டும் இருக்கலாமாண்ணா?" என்று பாய் வீட்டு அக்கா கேட்டார். அதுவும் கூடாதாம். குடங்களை வரிசை மாறாமல் சுவருக்கு வெளியே அடுக்கினோம். அன்றைக்கு முதல் குடம் என்னுடையது.

ஜீப் தாமதமாக வந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றினார். நாங்கள் சுவரோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மனு சரியாத்தானே சொல்லுது, ஒரு ஆளும் காணோமே. பேசாம களத்துக்கே குடுத்துடலாம்" என்றார்.

தலைவரே எங்களை விரட்டிவிட்டு, தினமும் கூட்டம் வரும் என்று எப்படிச் சொல்வார்?

அப்போது புங்கமரத்தடியில் புஸ்ஸென்று காற்று வந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் விடுகிற மூச்சு அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல் குடம் நகராமல் இரண்டாவது குடம் நகரக் கூடாது, அதுதான் வழக்கம். பெரிய அதிகாரி, கமிட்டி, நாளை வீட்டில் விழப்போகிற பேச்சு எல்லாம் கண் முன்னால் வந்தன.

"இன்னாடி பொம்ம மாதிரி நிக்கிற? தண்ணி வந்துடுச்சு, போ!" என்று முதுகில் ஒரு தள்ளு வைத்தார் அக்கா.

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே நடந்தேன். அதிகாரியைத் தாண்டித்தான் போனேன். பின்னால் தெருவே வந்தது. பிள்ளைகள் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடினார்கள், சுண்டல்காரர் மணியை அடித்துக்கொண்டு நுழைந்தார். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி என் அருகில் வந்தார். "தண்ணி புடிக்கத்தான் வர்றீங்களாம்மா?"

"தண்ணி சீக்கிரம் புடிச்சிடுவோங்க. பொழுது சாய்ற வரைக்கும் இங்கதான் இருப்போம்."

"ஏன்?"

"பொம்பளைங்க உக்கார எங்களுக்கு வேற எடம் இல்லீங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் குடங்களின் வரிசையைப் பார்த்தார். பிறகு தலைவரிடம் திரும்பி, "இவ்ளோ பேரை வெச்சுக்கிட்டு ஏன்யா காலியா காட்டினீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பூங்கா பிழைத்தது. பெஞ்சுகளைப் பெயர்த்து மரத்தடியைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். பலகை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சுண்டல்காரர் அடுப்பெரித்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம்.

சில வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. அத்தை அதற்குக் கற்பூரம் ஏற்றினார். எனக்கோ அழுகை முட்டியது. மறுநாள் சாயங்காலம் பழக்க தோஷத்தில் குடத்தை எடுத்துவிட்டேன்.

"வூட்லயே தண்ணி வருது. இன்னாத்துக்குக் கொடம்?" என்றார் அத்தை.

"பார்க்குத் தண்ணியில பருப்பு நல்லா வேகுது அத்தை."

இரண்டும் ஒரே தொட்டித் தண்ணீர். அது அவருக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போனார். தொலைந்தோம் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு சின்னச் செம்பு இருந்தது. "நானும் ஒரு செம்பு புடிச்சாரேன்" என்றார்.

அன்று பாய் வீட்டு அக்கா பேசப் பேச, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அத்தை சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெளிச்சம் போன பிறகுதான் எழுந்தோம். பாதி வழியில் குடம் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று பார்த்தால், காலி. அத்தையும் தன் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"கெடக்குது, நாளைக்குப் புடிச்சிக்கலாம். வா" என்றார்.