கட்சிக்காரருக்குத் தூக்கமில்லை, டாக்டர்

போன வாரம் என் கட்சிக்காரர் ஒருவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டேன். வக்கீல் செய்கிற வேலையா இது என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது... சிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் கெலமங்கலத்து விவசாயி திம்மராயப்பா. அண்ணனோடு பாகப்பிரிவினை வழக்கு. கிணற்றோடு சேர்ந்த நிலம் யாருக்கு என்பதுதான் தகராறு. அது கைவிட்டுப் போனால் வானத்தைப் பார்த்துக் கேழ்வரகு விதைக்க வேண்டியதுதான்.

நாலு மாதம் முன்பு கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்டில் அவருக்காக எழுந்தேன். வாயைத் திறந்தேன்... வார்த்தை வரவில்லை. இருபது வருஷமாகப் பேசிப் பிழைப்பவன் மரம் மாதிரி நின்றேன். முன்சீப் நல்ல மனிதர். எனக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று வாய்தா கொடுத்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் போயிற்று. கறுப்புக் கோட்டைக் கண்ணில் படாதபடி பீரோவுக்குள் மாட்டினேன். அடுத்தவர் சண்டையை எல்லாம் இருபது வருஷம் வாங்கி வாங்கி நெஞ்சில் அடுக்கினால், ஒரு நாள் இடம் போதாமல் போகாதா? தொழிலையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. என் மனைவிதான் பெங்களூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரை விசாரித்து, என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

அங்கே போய் நான் செய்த காரியம் இருக்கிறதே — வக்கீல் புத்தி எங்கே போகும்? "என் கட்சிக்காரர் ஒருவருக்குத் தூக்கமில்லை, டாக்டர்" என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரம் அவர் தரப்பை எடுத்துச் சொன்னேன். கோர்ட்டில் வராத வார்த்தைகள் எல்லாம் அங்கே வந்தன.

டாக்டர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். பிறகு, கட்சிக்காரரை அடுத்த சனிக்கிழமை நேரிலேயே அழைத்து வர முடியுமா என்று கன்னடத்தில் கேட்டார்.

"வந்திருக்கிறார்" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அன்று முதல் சனிக்கிழமை தோறும் பெங்களூர். மருந்து கொஞ்சம், பேச்சுதான் அதிகம். இங்கே வக்கீல்கள் அறையில் எனக்கு அங்கே ஒரு சின்ன வீடு இருப்பதாகத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. சின்ன வீடு வைத்த வக்கீலுக்கு வழக்கு வரும். மனசு டாக்டரிடம் போகிற வக்கீலுக்கு யார் வக்காலத்து கொடுப்பார்? நம் ஊரின் நியாயம் அப்படி!

ஆனால் திம்மராயப்பாவின் வாய்தா நெருங்கியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி வாய் அடைத்தால் போகப்போவது அவர் நிலம் அல்லவா? அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வழக்குக் காகிதக் கட்டை மேஜைமேல் வைத்து, வேறு வக்கீலிடம் கொடுப்பதென்றால் கொடுங்கள், வருத்தப்பட மாட்டேன் என்றேன். உள்ளுக்குள் வருத்தம்தான்.

அவர் கட்டைத் தொடவில்லை.

"எங்க செவலை எருது போன வருசம் ஏர்ல பூட்டினதும் படுத்துக்கிச்சுங்க வக்கீலய்யா. அடிச்சாலும் எந்திரிக்கலே. ஒரு மாசம் நெழல்ல கட்டி வைத்தியம் பாத்தேன். வித்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. வேல தெரிஞ்ச எருதுங்க... விக்க மனசு வரலே. இப்ப நல்லாத்தான் ஓட்டுது. கட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

நேற்று வாய்தா. எழுந்தேன். பேசினேன் — முக்கால் மணி நேரம். தீர்ப்பு எப்படி வருமோ, தெரியாது. சொல்ல வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை.

வக்கீலை எருது என்று சொன்னால் மானநஷ்ட வழக்கே போடலாம்... நானோ அன்று திம்மராயப்பாவை வாசல் வரை போய்க் கும்பிட்டு வழியனுப்பினேன்.